கரையுற ஸ்குரூ

இரும்பு இல்லண்ணே, இரும்பு இல்ல. மெக்னீசியம்னு ஏதோ சொல்றாக. இந்தா, என் சுண்டுவெரல்ல பாதி இருக்கும். முட்டியில அறுந்த ஜவ்வுக்குப் பதிலா நம்ம தொடையிலருந்தே ஒரு நார உருவி, எலும்புல தொளை போட்டு உள்ள விட்டு, அது நழுவாம இருக்க இந்த ஸ்குரூவ முடுக்கிர்றாக. ஒரு வருசம், ஒன்றரை வருசத்துல ஸ்குரூ தானாக் கரைஞ்சு, அந்த எடத்துல எலும்பே வளந்துருமாம். பெறகு கழட்டணும்னு திரும்ப வந்து படுக்க வேண்டாம்.

இருங்க, அந்தக் கதவு தெறந்துச்சா? இல்லையா? சரி. எனக்கு உக்காந்தா உக்கார முடியல, நின்னா நிக்க முடியல.

உள்ள ஸ்கேனுக்குப் படுத்துருக்கிறது என் மக துர்காதேவிதாண்ணே. ஆமா, இதே ஸ்குரூ போட்ட பொண்ணுன்னு நர்சு சொன்னாகல்ல, அவளேதான். நாங்க பாலவனத்தம். நீங்க? எம்.ரெட்டியபட்டியா! அட, நம்ம பக்கத்துக்காரவுக. உங்க மகனுக்குக் கபடியிலயா அறுந்துச்சு? இவளுக்கு வண்டியில. அருப்புக்கோட்டைக்கு வேலைக்குப் போயிட்டு வரையில, ரோட்டுல கெடந்த மண்ணுல சறுக்கி, வண்டி காலு மேலயே விழுந்துருச்சு.

டாக்டரு ரெண்டையும் காட்டுனாரு. கரையாதது ஒண்ணு, கரையுறது ஒண்ணு. இது புதுசும்மா, இப்பத்தான் போட்டுப் பாக்குறோம், யோசிச்சுச் சொல்லுங்கன்னாரு. நான் எங்க யோசிச்சேன்? கரையுறதையே போடுங்கன்னுட்டேன். கலியாணத்துக்கு நிக்கிற புள்ள. கால்ல இரும்பு கெடக்குன்னு நாளைக்கு எவளாச்சும் வாயத் தெறந்தா? கரைஞ்சுட்டா யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம்ல. சிரிக்காதீக. பொம்பளப்புள்ளயப் பெத்துப் பாத்தாத் தெரியும்.

ஆப்பரேசனு நல்லா முடிஞ்சுச்சு. மூணு மாசம் குத்தவைக்கக் கூடாது, சம்மணம் போடக் கூடாது, முட்டிய ரொம்ப மடக்கக் கூடாதுன்னு எழுதியே குடுத்தாக. வச்ச நாரு எலும்போட ஒட்ட அம்புட்டு நாளாகுமாம். ஒன்றரை மாசம் ஒழுங்காத்தான் இருந்தா. இப்ப ரெண்டு வாரமா முட்டி நழுவி நழுவிப் போகுது, வீங்கிக் கெடக்கு. என்னம்மா செஞ்சன்னு டாக்டரு கேட்டாரு. ஒண்ணும் செய்யல, வீட்டுக்குள்ள நடந்தேன், அம்புட்டுதான்னு சொல்லிட்டா பாவி. அப்ப ஸ்குரூதான் காலத்துக்கு முன்னாடி கரைஞ்சுருச்சு போலன்னு அவுக பேசிக்கிறாக. அதனாலதான் உங்க மகனுக்கு இன்னைக்குப் போட வேண்டியத நிப்பாட்டி வச்சிருக்காக.

அய்யோ, எந்திரிக்காதீகண்ணே! பையன ஊருக்குக் கூட்டிட்டுப் போயிராதீக. எண்ணெக்கட்டுப் போடுறேன்னு எங்கயும் போயிராதீக. அந்த ஸ்குரூ மேல ஒரு தப்பும் இல்ல.

எனக்கெப்படித் தெரியும்னா... ரெண்டு வாரத்துக்கு முந்தி, ஞாயித்துக்கெழம, திருச்சுழியிலருந்து பொண்ணு பாக்க வந்தாக. ஆப்பரேசன் பண்ணத நான் சொல்லல. முட்டியில கட்டியிருந்த பட்டையக் கழட்டி பீரோவுல வச்சுட்டு, சேலையக் கட்டிவிட்டேன். பைய நடந்து வந்து நல்லாத்தான் காப்பி குடுத்தா. மாப்பிள்ளையோட அம்மா அவ காலையே பாத்துக்கிட்டு இருந்தாக. எனக்குப் பதறிருச்சு. அத்தைக்கு விழுந்து கும்பிடு தாயின்னு நான்தான் சொன்னேன். என்னைய ஒரு பார்வ பாத்தா. பெறகு மண்டிபோட்டு விழுந்தா. டப்புன்னு ஒரு சத்தம், பக்கத்துல நின்ன எனக்கே கேட்டுச்சு. என் தோளப் பிடிச்சு, சிரிச்ச மொகமாவே எந்திரிச்சா. அவுகளுக்குப் பொண்ணப் பிடிச்சுப்போச்சு.

என்னையக் காட்டிக்குடுக்கக் கூடாதுன்னுதான் டாக்டருகிட்டயும் பொய் சொல்றா.

இந்தா, கதவத் தெறந்துட்டாக. டாக்டரு வாராரு. அண்ணே, நீங்களும் கூட வாங்க. தனியாப் போனா நானும் வேற என்னத்தையாச்சும் சொல்லிப்புடுவேன்.