கடிதம் வந்தவர்களும் வராதவர்களும்

மேடையில் வீற்றிருக்கும் முதல்வர் முனைவர் பொற்கொடி அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, அலுவலகத் தோழர்களே, எங்கெங்கிருந்தோ பஸ் பிடித்து வந்திருக்கும் பழைய மாணவர்களே, வீட்டிலிருந்தே போனில் பார்த்துக்கொண்டிருக்கும் சகோதரி ஆமினா பீவி அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அவர் மகள் யுஸ்ராவே, உங்கள் எல்லோருக்கும் கனத்த மனதோடு என் வணக்கம்.

நம் கல்லூரி அலுவலகக் கண்காணிப்பாளர் ஐயா அப்துல் முத்தலிப் அவர்கள் மறைந்து இன்றோடு பத்து நாள். படம் வைத்து மாலை போட வேண்டாம் என்று குடும்பத்தார் கேட்டுக்கொண்டார்கள். அதனால் மேசை மேல் அவருடைய பச்சை அட்டை நோட்டை மட்டும் வைத்திருக்கிறோம். அவரைக் காட்ட அதைவிட நல்ல படம் கிடையாது!

அது என்ன நோட்டு? நம் மாணவர் ஒருவர் வேலைக்குச் சேர்ந்தால், "இந்தச் சான்றிதழ் நீங்கள் கொடுத்ததுதானா?" என்று கேட்டுக் கம்பெனியிலிருந்து கல்லூரிக்குக் கடிதம் வரும். பதில் போட்டுவிட்டுக் கோப்பில் சேர்ப்பதுதான் அலுவலக வழக்கம். முத்தலிப் என்ன செய்தார்? பட்டம் வாங்கிய ஒவ்வொருவர் பெயரையும் நோட்டில் எழுதி, எதிரே ஒரு வரி காலியாக விட்டார். கடிதம் வந்ததும் அந்த வரியில் கம்பெனியையும் வேலையையும் குறித்தார். யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை!

இருபத்திரண்டாம் ஆண்டு மே மாதம். சேர்க்கைக் குழுவுக்கு நான் அமைப்பாளர். விலங்கியல்காரனாகிய எனக்கு எல்லா அறிவியல் துறைகளுக்கும் ஆள் பிடிக்கிற வேலை! இயற்பியலுக்குப் பதினோரு விண்ணப்பங்களே. பன்னிரண்டு சேராவிட்டால் அந்த வகுப்பே நடக்காது. பல்லடத்தில் கோழிப்பண்ணையில் வேலை பார்க்கும் மாசாணம், மகள் அன்புச்செல்வியோடு வந்து நின்றார்.

"ஏனுங்க, இந்தப் புள்ள பிசிக்ஸ்தான் படிப்பேன்னு நிக்கிது. படிச்சா என்னங்க வேல கெடைக்கும்?"

முத்தலிப் நோட்டைத் திறந்தார். "இவரு பம்ப் கம்பெனில டெஸ்டிங் செக்சனுங்க. இந்த அம்மணி பி.எட். முடிச்சுப்போட்டு கொடுமுடில டீச்சரா இருக்குது. இவன் காத்தாடிக் கம்பெனிங்க, அதா அந்தக் காத்துல கரண்ட் எடுக்கறது. இவரு பேங்க் பரீட்சை எழுதிப் போயிட்டாருங்க."

நான் உள்ளூரக் குளிர்ந்துபோனேன். மனிதர் அதோடு நிறுத்தினாரா? இல்லை!

"இந்தப் பதினோரு பேருக்கு இன்னும் கடுதாசி வரலீங்க. யுஸ்ரான்னு ஒரு புள்ள, எம்பத்தொரு சதவீதம். கொரோனா வருசத்துல முடிச்சுது. ரெண்டு வருசமாச்சுங்க, ஒண்ணும் அமையல."

மாசாணம் விண்ணப்பத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு வந்த கோபத்தில் வராந்தாவே அதிரக் கத்தினேன். "ஏனுங்க முத்தலிப், வகுப்புக்குப் பூட்டுப் போடவா உங்களுக்குச் சம்பளம்? எந்நேரமும் அந்த யுஸ்ரா கதையை எதுக்குச் சொல்றீங்க?"

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடியே சொன்னார். "வந்த கடுதாசிய மட்டும் படிச்சா அது விளம்பரமுங்க சார். நம்மள நம்பிப் புள்ளையக் கூட்டியாராங்க."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மாசாணம் திரும்பி வந்தார். "நாலு காலேஜு ஏறி எறங்கிட்டேனுங்க. எல்லாரும் நூத்துக்கு நூறு வேலைங்கறாங்க. ரெண்டையுஞ் சொன்னது இவரு ஒருத்தருதானுங்க." அன்புச்செல்வி சேர்ந்தாள். வகுப்பு நடந்தது. இன்று மருத்துவ இயற்பியலில் மேற்படிப்புப் படிக்கும் அவள், அதோ நான்காவது வரிசையில் அழுதுகொண்டிருக்கிறாள்.

கடிதம் வராதவர்களை முத்தலிப் மறந்தாரா? சனிக்கிழமைதோறும் அவர்களுக்குப் போன் போடுவார். எந்தக் கம்பெனி ஆள் எடுக்கிறது என்று வந்த கடிதங்களைப் பார்த்தே சொல்வார். அப்படி வேலைக்குப் போனவர்கள் எத்தனை பேர் இந்த அரங்கில் இருக்கிறீர்கள்! கையைத் தூக்குங்கள். பார்த்தீர்களா சகோதரி ஆமினா பீவி, இத்தனையும் உங்கள் வீட்டுக்காரர் போட்ட போன்!

இனி நான் சொல்லப்போவது எனக்கு வெட்கமான விஷயம். அடக்கத்தன்று கோட்டைமேட்டில் அவர் வீட்டுக்குப் போனேன். "சார், நான் யுஸ்ரா. நம்ம காலேஜுல பிசிக்ஸ் படிச்சேனுங்க" என்று ஒரு பெண் சொன்னார். ஆண்டுதோறும் ஊரார் முன்னால் அவர் படித்துக் காட்டிய காலி வரி, சொந்த மகளுடையது! மகள் இங்கே படித்த மூன்று ஆண்டும் அவளுக்காக யாரிடமும் போய் நிற்காத மனிதர், அவளுக்கு வேலை கிடைக்காததை மட்டும் மறைக்கவில்லை. அவரைப் பார்த்துத்தான் நான் வராந்தாவில் கத்தினேன். முத்தலிப், என்னை மன்னித்துவிடுங்கள்.

நேற்று முன்தினம் தபாலைப் பிரித்தேன். பெருந்துறையில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் ஒரு ஆய்வுக்கூடத்திலிருந்து கடிதம். அ. யுஸ்ராவின் சான்றிதழ் நீங்கள் கொடுத்ததுதானா என்று கேட்டிருந்தார்கள். ஆறு ஆண்டு காத்திருந்த கடிதம், எட்டு நாள் தாமதமாக வந்திருக்கிறது! "ஆம், நாங்கள் கொடுத்ததே" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

திங்கட்கிழமை இந்த ஆண்டுச் சேர்க்கை தொடங்குகிறது. அவர் நாற்காலியில் நான் உட்காருவேன். வந்ததையும் படிப்பேன், வராததையும் படிப்பேன். சனிக்கிழமை போன்களை அலுவலகத் தோழர்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். இது உறுதி!

ஒரு வரியை மட்டும் நான் எழுதுவதாக இல்லை. யுஸ்ரா, மேலே வாங்க கண்ணு. உங்க அத்தா விட்டுவைத்த இடம் அப்படியே இருக்கிறது. இந்தாங்க பேனா.