கஸ்தூரியம்மாவின் கோடுகள்

படத்துக்குக் கறுப்புப் பின்னணி கொடுத்தால்தான் கோடுகள் எடுப்பாகத் தெரியும், இன்ஸ்பெக்டர் சார். வெள்ளையில் எல்லாம் வெளிறிப்போய்விடும்.

செங்கம் ரோட்டில் எங்கள் தியான மையத்தில் என் வேலை இதுதான். கம்பி வைத்த தொப்பியைத் தலையில் மாட்டுவேன். மூளையில் எந்த இடம் எதனோடு சேர்ந்து வேலை செய்கிறது என்று கம்ப்யூட்டர் கோடு போடும். வாராவாரம் எடுத்ததைக் கோத்துப் படமாக ஓடவிட்டால் மூளை மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். கோடு குறைந்தால் மனம் அடங்குகிறது என்பார் குருஜி. அவர் படித்தது பி.காம். வெளிநாட்டுக்காரர்கள் மாதக்கணக்கில் கண்ணை மூடி உட்கார்ந்தார்கள். ஒரு கோடும் குறையவில்லை. மதியம் என்ன சாப்பாடு என்ற யோசனையாக இருக்கும்.

சாப்பாடு கஸ்தூரியம்மா பொறுப்பு. பக்கத்து ஊர் அடி அண்ணாமலைக்காரர். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சாதாரணத் தலை வேண்டுமே என்று அவருக்கும் தொப்பி மாட்டிவந்தேன். ஒருநாள் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டது. அதன்பின் வலது பக்கக் கோடுகள் மட்டும் மங்க ஆரம்பித்தன.

மண்டைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் இதைப் படித்தவன். ஆபரேஷன் செய்தால் பிழைத்துக்கொள்வார். ஆனால் கோடுகளும் திரும்பி வந்துவிடுமே. படம் கெட்டுப்போகும்.

குழம்பில் உப்பை இரண்டு தடவை போட்டார். பற்று விட்டுவிட்டது என்றார் குருஜி. கரண்டியைப் பிடுங்கி மேடையில் உட்காரவைத்தார்கள். வெள்ளைக்காரர்கள் வரிசையில் நின்று காலில் விழுந்தார்கள்.

மகள் தென்றல் வந்தாள். "சார், அம்மா என் பேரையே மறந்துட்டாங்க. இடது கால வேற இழுத்து இழுத்து நடக்குறாங்க. வேலூருக்கு இட்டுனு போய்க் காட்டட்டுமா?"

"பேரு, உறவு எல்லாம் உதிர்ற நேரம்மா இது. இப்ப ஆஸ்பத்திரி, ஊசின்னு போனா எல்லாம் கலைஞ்சிடும்," என்றேன். படத்தை ஓட்டிக் காட்டினேன்.

"எங்கம்மாவுக்கா சார்?" என்று அழுதாள். சந்தோஷ அழுகை. என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

பௌர்ணமிக் கூட்டத்தில் கஸ்தூரியம்மா மேடையிலேயே சாய்ந்தார். தென்றல் ஆட்டோ பிடிக்க ஓடினாள். நான் தொப்பியை எடுக்க ஓடினேன்.

ஆமாம் சார், தெரிந்தேதான் சாகவிட்டேன். எழுதிக்கொள்ளுங்கள். கடைசிக் கோடு அணைகிற இடம் அவ்வளவு சுத்தமாக வந்திருக்கிறது. படத்தின் முடிவில் என் பெயருக்கும் மேலே அவர் பெயரைத்தான் போட்டிருக்கிறேன். தென்றலிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவாள்.