போத்தல் காணாத வீடு

றமேஸ்: அத்தான், உதை மடக்கெண்டு விழுங்கிறேல்லை. முதல் மணந்து பாக்கவேணும்.

ஸ்ரீதரன்: மணந்து பாக்கவோ ரொறன்ரோவிலையிருந்து ஒண்டரை மணித்தியாலம் ஓடி நயகரா மட்டும் வந்தனாங்கள்?

றமேஸ்: கிளாசைச் சுத்துங்கோ... மெதுவா... ஐயோ, சேட்டிலை ஊத்துது!

ஸ்ரீதரன்: ஊத்தட்டும். பீச்சஸ் பழம் தின்னேக்கை வடிஞ்சதெண்டு என்ர மனிசி, உன்ர கொக்காவுக்குச் சொல்லலாம். பீச்சஸ் வாங்கத்தானே வந்தனாங்கள்.

றமேஸ்: அந்த வைன் ஊத்திற பொம்பிளை சொல்லுறா, முதல் அப்பிரிகொட் வாசம் வருமாம். பிறகு மழையிலை நனைஞ்ச கல்லு வாசமாம்.

ஸ்ரீதரன்: கல்லை ஆரடா மணந்து பாத்தது? கடிக்க ஒண்டும் தரமாட்டினமோ?

றமேஸ்: அந்தத் தட்டிலை பாண் துண்டு கிடக்கு.

ஸ்ரீதரன்: வெறும் பாண்! இந்தா, ஜக்கெற் பொக்கற்றுக்கை மிக்சர் கொண்டந்தனான். பிடி.

றமேஸ்: அத்தான், எல்லாரும் பாக்கினம்...

ஸ்ரீதரன்: பாக்கட்டும். அதுசரி, உந்த வாளி என்னத்துக்கு?

றமேஸ்: வாயிலை வைச்சுப் பாத்திட்டுத் துப்ப.

ஸ்ரீதரன்: துப்பவோ! விசரே இவங்களுக்கு... நில்லு. துப்பினால் குடிச்ச கணக்கில்லைத்தானே?

றமேஸ்: அக்காவிட்டைக் கேட்டுச் சொல்லட்டோ?

ஸ்ரீதரன்: வாயை மூடடா. வாற ஞாயித்துக்கிழமை மகள் சிவானியைப் பொம்பிளை பாக்க வருகினம். தேப்பன் குடிக்கிற வீடெண்டால் படியேற மாட்டினமாம். இவர் கண்ணாலையும் காணார் எண்டு கொக்கா ரெலிபோனிலை சத்தியம் பண்ணிப்போட்டா. எட்டு இடம் குழம்பி இது ஒம்பதாவது. இதும் குழம்பிச்சுதெண்டால் என்ர பிள்ளையின்ரை முகத்தை நான் எப்பிடிப் பாக்கிறது?

றமேஸ்: இவ்வளவும் தெரிஞ்சுகொண்டு பிறகேன் வந்தனீங்கள்?

ஸ்ரீதரன்: இது பொருந்தினாப் பிறகு குடியை விடத்தான் போறன். விடமுதல் ஒருக்கா... ஒரு பிரியாவிடை மாதிரி.

தொப்பிக்காரர்: தம்பியவை தமிழோ?

ஸ்ரீதரன்: ஸொறி? நோ தமிழ்.

தொப்பிக்காரர்: மிக்சர் மணம் அந்த மூலை மட்டும் வந்தது.

ஸ்ரீதரன்: அட சனியன்!

தொப்பிக்காரர்: நல்ல தமிழ்தானே. ஒரு பிடி தாருங்கோ.

ஸ்ரீதரன்: எடுங்கோ, எடுங்கோ. நான்... பேனாட்.

றமேஸ்: பேனாட்டோ?

ஸ்ரீதரன்: இவன் என்ர மச்சான். வாகனம் ஓட வந்தவன். அதிகம் கதைக்கமாட்டான்.

தொப்பிக்காரர்: நான் கிறிஸ்துநாயகம். நீங்களும் வேதக்காரரோ! சந்தோசம். எந்தக் கோயிலுக்குப் போறனீங்கள்?

ஸ்ரீதரன்: சென்... சென் ஜேம்ஸ் ரவுண்.

தொப்பிக்காரர்: அது மாடிக் கட்டடமெல்லோ?

ஸ்ரீதரன்: அதுக்குப் பக்கத்திலை. அண்ணை, தொப்பிக்குக் கீழை நெத்தியிலை என்ன வெள்ளையாய்க் கிடக்கு?

தொப்பிக்காரர்: இதோ... சண் கிறீம்.

றமேஸ்: மூண்டு கோடாகவோ?

தொப்பிக்காரர்: மனிசி பூசிவிட்டது. தம்பி, உதை விட்டிட்டு ஐஸ்வைன் எடுங்கோ. பழத்தைக் கொடியிலையே விட்டு, பனியிலை உறைஞ்சாப் பிறகு பிடுங்கிப் பிழியிறது.

ஸ்ரீதரன்: எங்களைப் போலை எண்டு சொல்லுங்கோ. சனவரியிலை பஸ்ஸுக்கு நிண்டு உறைஞ்சாப் பிறகுதானே பக்டரிக்காரன் எங்களைப் பிழியிறான்.

தொப்பிக்காரர்: ஹா! உங்களோடை கதைக்கலாம். இன்னொண்டு ஊத்தச் சொல்லட்டோ?

றமேஸ்: இது உங்களுக்கு ஆறாவதெல்லோ அங்கிள்? வாளிப் பக்கம் நீங்கள் போகவே இல்லை.

தொப்பிக்காரர்: வாளி புதுசாய் வாறவைக்கு. நான் பஸ் ரூரிலை மாசத்துக்கு ரண்டுதரம் வாறனான். பேனாட், நீங்கள் எவடம்?

ஸ்ரீதரன்: மோர்னிங்சைட்.

தொப்பிக்காரர்: மோர்னிங்சைட்டோ! அங்கை ஸ்ரீதரன் எண்டு ஒருத்தர்... மகள் பாங்கிலை வேலை. தெரியுமோ?

ஸ்ரீதரன்: ஏன்... ஏன் கேக்கிறியள்?

தொப்பிக்காரர்: றிச்மண்ட் ஹில்லிலை எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம். அவையின்ரை பெடியனுக்கு அந்தப் பிள்ளையைப் பேசுகினம். ஆக்களை விசாரிச்சுச் சொல்லச் சொன்னவை.

றமேஸ்: அத்தான், வாளியைத் தரட்டோ?

ஸ்ரீதரன்: சும்மா இரடா! ஸ்ரீதரனோ? தங்கம் அண்ணை, தங்கம்! கோப்பியே கூடாதெண்டு சுடுதண்ணி குடிக்கிற மனிசன். கோபம் எண்டால் என்னெண்டு தெரியாது. ஆளும் நல்ல வடிவு.

றமேஸ்: வடிவோ?

ஸ்ரீதரன்: ஓமடா, வடிவுதான்! உயரம் கொஞ்சம் கட்டை, ஆனா முகத்திலை ஒரு களை. அதுசரி அண்ணை, அந்தப் பெடியன்ரை தேப்பன் எப்பிடி? வாகீசன் எண்டு கேள்வி. பொம்பிளையள்தான் ரெலிபோனிலை கதைக்கினமாம், ஸ்ரீதரன் இன்னும் அவரைக் காணேல்லையாம்.

தொப்பிக்காரர்: வாகீசனோ! அவர் ஒரு முனிவர். தேவாரம் பாடாமல் வாயிலை பச்சைத்தண்ணி படாது. ஒருக்கா இருமலுக்கு டொக்ரர் குடுத்த மருந்திலை அல்ககோல் கிடக்காம் எண்டு, குடியாமல் ஒரு மாசம் இருமினவர். பாவம், நெஞ்செல்லாம் நோ. ஆரும் ஒரு தேத்தண்ணி போட்டுக் குடுக்கேல்லை...

ஸ்ரீதரன்: உங்களுக்கேன் அண்ணை கண் கலங்குது?

தொப்பிக்காரர்: மிக்சர் உறைப்பு.

றமேஸ்: அத்தான், வெளிக்கிடுவம். பீச்சஸ் கடை பூட்டிப்போடும்.

ஸ்ரீதரன்: நில்லடா. அண்ணை, நான் ஒண்டு சொல்லட்டோ? எங்கட சனம் மற்றவனைப் பற்றி ரண்டு நல்லது சொன்னால், மூண்டாவதாய் ஒரு ‘ஆனால்’ போடும். நீங்கள் வாகீசனுக்குப் போடேல்லை.

தொப்பிக்காரர்: நீங்களும் ஸ்ரீதரனுக்குப் போடேல்லையே, பேனாட். கட்டை எண்டு சொல்லிப்போட்டு உடனை முகத்திலை களை எண்டியள்.

றமேஸ்: ஐயோ கடவுளே.

ஸ்ரீதரன்: வாகீசன் அண்ணை...

தொப்பிக்காரர்: சொல்லுங்கோ ஸ்ரீதரன்.

ஸ்ரீதரன்: பிள்ளையிலை ஒரு பிழையும் இல்லை அண்ணை. நான் இஞ்சை நிக்கிறது அவளுக்குத் தெரியாது. உங்கட மகன் ஜனார்த்தனோடை கதைச்ச நாள் தொடக்கம் அவள் வீட்டிலை பாட்டுப் பாடிக்கொண்டு திரியிறாள். எட்டுப் பேர் வேண்டாமெண்டு போன பிள்ளை... குழப்பிப்போடாதேங்கோ. வேணுமெண்டால் இந்தக் கிளாசை இப்பவே வைக்கிறன்.

தொப்பிக்காரர்: என்ர கையிலையும் கிளாஸ்தானே தம்பி. எந்த முகத்தோடை குழப்பிறது? நீங்கள் என்னைக் காணேல்லை, நான் உங்களைக் காணேல்லை.

ஸ்ரீதரன்: அப்பாடா! இப்பதான் மூச்சு வந்தது. றமேஸ், நீ ஒண்டும் காணேல்லை.

றமேஸ்: நான் பீச்சஸ்தான் கண்டனான்.

ஸ்ரீதரன்: அப்ப அண்ணை, ஞாயித்துக்கிழமை வாங்கோ. இதிலை ஒரு போத்தல் வாங்கி பேஸ்மென்றிலை ஒளிச்சு வைக்கிறன். பொம்பிளையள் சீலைக் கதை தொடங்க, வீட்டைச் சூடாக்கிற ஃபேர்னஸைப் பாக்கிறம் எண்டு நாங்கள் கீழை இறங்குவம்.

தொப்பிக்காரர்: வேண்டாம்.

ஸ்ரீதரன்: ஏன், சிவப்போ விருப்பம்?

தொப்பிக்காரர்: வேண்டாம் தம்பி. உங்கட வீட்டிலை வேண்டாம்.

ஸ்ரீதரன்: இதென்ன அண்ணை! நீங்கள் இஞ்சை ஆறு கிளாஸ் குடிப்பியள். ஆனா எங்கட வீட்டிலை ஒரு சொட்டும் இருக்கக்கூடாதெண்டு எங்களுக்கு மட்டும் கண்டிசன்!

தொப்பிக்காரர்: அது உங்களுக்குப் போட்ட கண்டிசன் இல்லை ஸ்ரீதரன், எனக்குப் போட்டது. சொந்தம், சிநேகிதம் எண்டு ரொறன்ரோவிலை எந்த வீட்டுக்குப் போனாலும் என்னைத் தாங்கிப் பிடிச்சுத்தான் கூட்டிக்கொண்டு வந்தவ என்ர மனிசி. மகன் கலியாணம் கட்டிற வீடாவது நான் போய்க் குடிக்க ஏலாத வீடாய் இருக்கவேணும் எண்டுதான் தேடினவ... உங்கட மனிசி சத்தியம் பண்ணின அண்டைக்குத்தான், கனகாலத்துக்குப் பிறகு அவ நிம்மதியா நித்திரை கொண்டவ.