நாய் செத்த இடத்தில் வசனம் இல்லை

எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில், காலையில், எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாள்: "நாய் செத்துப்போச்சு, ஹீரோ வாயே தொறக்கல. அதான் பக் போட்டேன்."

வெளிவரப்போகும் வீடியோ கேம்களை விளையாடிப் பார்த்து, பக் எனப்படும் தப்புகளைக் கண்டுபிடிப்பதுதான் இருவருக்கும் வேலை என்று அடுத்த சிக்னலுக்குள் எனக்குப் புரிந்துவிட்டது.

"கரெக்ட்தானே சுதா?" என்றார் அவர்.

"கரெக்ட்தான். அந்த இடத்துக்கு வசனம் ரெக்கார்ட் பண்ணவே மறந்துட்டாங்களாம். இன்னைக்குச் சேத்துடறோம்னு மெயில் வந்திருக்கு."

"அப்புறம் என்ன?"

"சேக்கக் கூடாது குமார். நேத்து நம்ம டீம்ல ஆறு பேரைக் கேட்டேன். வில்லன் பேரு ஒருத்தருக்கும் ஞாபகமில்ல. ஹீரோ நாயோட கழுத்துப் பட்டையக் கழட்டி, பேசாம பாக்கெட்ல போட்டுக்கிட்டு நடந்தான் பாரு, அத ஆறு பேரும் சொல்றாங்க. மேனேஜர் கண்ணத் தொடச்சிக்கிட்டே சொன்னாரு. ஏசி காத்தாம்."

"அப்ப பக்கை வாபஸ் வாங்கிடு."

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கே. அத நிரப்பாம சிஸ்டம் விடாது. அழ வேண்டியது அவன் இல்ல, நாமதான்னு அதுல எழுத முடியுமா?"

பஸ் நகர்ந்து மறுபடி நின்றது. குமார் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அந்தக் கட்டத்துல ஒரே ஒரு புள்ளி வை. நான் எப்பவும் அதான் பண்ணுவேன். சிஸ்டம் விட்டுடும்."

சுதா சிரித்தாள். "அந்த ஹீரோவா இருந்தாலும் அதத்தான் வெச்சிருப்பான்."