நம்ம ஊர் மாடல்

கார் வாங்குபவர்கள் நிறம் பார்ப்பார்கள், சீட்டைத் தடவிப் பார்ப்பார்கள். குனிந்து அடியில் பார்ப்பவர்கள் குறைவு. என் கணவரும் அப்படித்தான். இரண்டு பேர் மட்டும் உட்காரும் அந்த ஸ்போர்ட்ஸ் காரை, வெளிநாட்டில் இருந்து அதோடு திரும்பி வந்த ஒருவரிடம் வாங்கினார். வாங்கிய அன்றே இரண்டு முறை துடைத்தார்.

நான் பதினோரு வருடமாக உதிரிபாகக் கடை கவுண்டரில் நிற்கிறேன். அதனால் எனக்குத் தெரியும். இங்கே விற்கும் அதே காரில் ஷாக் அப்சார்பரை ஒன்றும் செய்ய முடியாது. அங்கே விற்பதில் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சின்னத் திருகு இருக்கும். இடப்பக்கம் திருப்பினால் வண்டி மெத்தென்று போகும். வலப்பக்கம் திருப்பினால் ரோட்டில் கிடக்கும் கல்கூட முதுகெலும்பில் தெரியும். எங்கள் வண்டியில் நாலு திருகும் இருந்தன. அவருக்கு அது தெரியாது.

மருந்துக் கம்பெனியில் விற்பனை வேலை அவருக்கு. மாதத்தில் இருபது நாள் வெளியூர். வீட்டில் இருந்தாலும் போனும் கையுமாக இருப்பார். ஒருநாள் மருந்துப் பெட்டியைத் தூக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டது. ஜவ்வு விலகியிருக்கிறது என்றார் டாக்டர். மூன்று மாதம் படுக்கை. தைலம் தேய்க்கும்போது என்னோடு பேசுவார். கடையில் இன்று யார் சண்டை போட்டார்கள் என்று கேட்பார். கல்யாணமான எட்டு வருடத்தில் அவர் அப்படிக் கேட்டதே இல்லை.

பிறகு குணமானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பயணப் பெட்டியைத் தூசி தட்டி வைத்தார். மதியம் அவர் தூங்கும்போது பானெட்டைத் திறந்தேன், டிக்கி விரிப்பைத் தூக்கினேன். நாலு திருகையும் ஆறு முறை 'கிளிக்' என்று கேட்கும்வரை வலப்பக்கம் திருப்பினேன். கையில் கறைகூடப் படவில்லை.

பத்து நாளில் சொன்னார்: "மறுபடியும் வலிக்குது. வண்டி ரொம்பத் தூக்கிப் போடுது. கொஞ்சம் மெத்துன்னு ஆக்க முடியாதா?"

"நம்ம ஊர் மாடல்ல அது கிடையாதுங்க."

"உனக்குத் தெரியாததா," என்று விட்டுவிட்டார். மறுநாளே லீவு போட்டார்.

என் நாத்தனார்தான் சும்மா இருக்கவில்லை. "அண்ணி, அந்த வண்டிய வித்துத் தொலைங்க," என்றாள். ஆசைப்பட்டு வாங்கியது, இருக்கட்டும் என்றேன்.

நான் கல்நெஞ்சக்காரி இல்லை. வலி தாங்காமல் முனகினால் இடப்பக்கம் திருப்பிவிடுவேன். பெட்டியை எடுத்தால் வலப்பக்கம். இரண்டு வருடம் இப்படிப் போயிற்று. போன மாதம் அவருக்கு வேறு ஊரில் பெரிய பதவி கிடைத்தது. முதலில் தான் மட்டும் போய்ப் பார்ப்பதாகச் சொன்னார். அன்று திருகுகளை அவை நிற்கும்வரை வலப்பக்கம் திருப்பினேன்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குக் கடைக்குப் போன் வந்தது. "கால் மரத்துப் போச்சு. பிரேக்கு எங்க இருக்குன்னே தெரியல. நம்ம தெரு முனைச் சுவத்துல உரசித்தான் நிப்பாட்டினேன். நீ வா." குரல் குழந்தைக் குரல் மாதிரி இருந்தது. ஓடினேன். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். உடனே ஆபரேஷன் செய்தார்கள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பவில்லை.

வண்டியை எடுக்க வந்த மெக்கானிக் நாத்தனாரிடம் திருகுகளைக் காட்டியிருக்கிறார். மறைக்க நினைத்திருந்தால் ஒரு நிமிடத்தில் தளர்த்தியிருப்பேன். என் கணவருக்குப் புண் துடைக்கவே நேரம் சரியாக இருந்தது.

நேற்று அவள் அவரிடமும் சொல்லிவிட்டாள். "எவ்வளவு நாளா?" என்று என்னைக் கேட்டார். சொன்னேன். உடம்பைத் திருப்ப முடியாததால் முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். சாப்பாட்டுக்கும் வாய் திறக்கவில்லை.

ஆமாம், இன்ஸ்பெக்டர், திருப்பியது நான்தான். ஒவ்வொரு முறையும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லுங்கள், சீக்கிரம் போக வேண்டும். வேறு யாராவது தொட்டால் அவருக்குப் பிடிக்காது.