துரையின் கல்லறையும் முனியம்மாவின் நாக்கும்

நாற்காலி தாங்குமா என்று அசைத்துப் பார்த்துவிட்டுத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் நாட்டார் வீரராகவன் அவர்களே! தமக்கென எழுந்த கல்லறையைத் தாமே திறந்துவைக்க உயிரோடு வந்திருக்கும் ஒல்லாந்து வணிகர், பெரிய துரை அவர்களே! வலையைக் கரையில் போட்டுவிட்டு வந்த தோணிரேவுப் பெரியோர்களே! பசியாவரத்திலிருந்து ஏரி கடந்து வந்த, கிளிஞ்சல் பொறுக்கிக் கொடுத்த தாய்மார்களே! கொத்தனார் ஆதிகேசவனின் பணிவான வணக்கம்.

எது கட்டடம்? காற்றடித்தால் கலங்குவதா கட்டடம்? மழை பெய்தால் மண்ணாவதா கட்டடம்? "நீ கட்னது அப்படித்தான ஆச்சு!" என்று அங்கே கூவுவது யார், மாரியா? ஆமாம் மாரி, ஆனது. ஒருமுறையல்ல, இருமுறை ஆனது. அதைச் சொல்லத்தான் மேடையேறினேன்.

கிளிஞ்சலைச் சுட்டேன், சுண்ணாம்பை நீற்றினேன், மணல் சேர்த்து மாவாய் அரைத்தேன். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் கலந்தேன். முட்டை வெள்ளைக்கருவால் மெருகேற்றினேன். கல்லறைப் பூச்சு கண்ணாடியாய் மின்னியது! ஐப்பசி மழை வந்தது, அப்பளமாய் உதிர்ந்தது. மறுமுறை வெல்லத்தைக் கூட்டினேன். ஊர் எறும்பெல்லாம் துரைக்கு முன்பே குடியேறின! பூச்சு மட்டும் நிற்கவில்லை.

"இன்னொரு வாட்டி உதிர்ந்தா நாகப்பட்டினத்துலேர்ந்து வேற கொத்தன் வருவான். நீ கரணையைக் குடுத்துட்டுப் போ" என்றார் துரை. இருபது ஆண்டு பிடித்த பூச்சுக் கரணை ஐயா!

அன்று கிளிஞ்சல் கூடையோடு வந்தார் முனியம்மா, ஏரியில் கைவிட்டே நண்டு பிடிப்பவர். உதிர்ந்த காரையில் ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்தார். துப்பினார்.

"இன்னா கொத்தனாரே, கருவாட்டுப் பானை மாதிரி கரிக்குது! எந்தத் தண்ணில கொழைச்ச?"

"ஏரித் தண்ணிதான். எதிர்லயே கீதே, ஊத்துக்கு எதுக்கு நடக்கணும்னு..."

"கடல் கலக்குற ஏரியாச்சே! அந்த உப்புதான்யா பூத்துப் பூத்து உன் பூச்சை வெளிய தள்ளுது. கிளிஞ்சலையே நல்ல தண்ணில நாலு வாட்டி அலசணும்."

சிரிக்காதீர்கள்! எதிரே ஏரி இருந்தால் எவன் குடம் தூக்குவான்? நான் தூக்கினேன். மணல்மேட்டு ஊற்றுக்கு நடந்து நடந்தே என் தொப்பை கரைந்தது. கிளிஞ்சலைக் கழுவினேன், மணலைக் கழுவினேன், காரையை ஒரு மாதம் ஊறப்போட்டேன். இந்த ஐப்பசி முழுதும் வானம் கொட்டித் தீர்த்ததே, ஒரு செதில் உதிர்ந்ததா? சற்றுமுன் துரையே குனிந்து சுவரை நக்கினார். "உப்பு இல்ல" என்றார். கரணை என் கையிலேயே இருக்கிறது!

வெல்லமா காத்தது? முட்டையா காத்தது? என் வீறாப்பா காத்தது? நல்ல தண்ணீர் காத்தது! அதைச் சொன்ன நாக்கு காத்தது!

ஆனால் துரை மெல்லக் கேட்டார்: "அப்போ நான் எப்ப இதுக்குள்ள குடிவரலாம்?" கடலுக்கு அப்பால் வீடுள்ள மனிதர். என் கண் கலங்கிவிட்டது. முனியம்மா கலங்கவில்லை.

"அவசரப்படாதீங்க தொர. காரை கல்லாவணும்னா இன்னும் மூணு ஐப்பசி மழை பாக்கணும். அதுக்குள்ள குடிபோனீங்கன்னா நாங்க பொறுப்பில்ல."

துரை வயிறு குலுங்கச் சிரித்ததை நீங்களே பார்த்தீர்கள். மூன்று மழை கழித்து இதே சுவரை மறுபடி நக்கிப் பார்ப்போம். முதல் நாக்கு துரையின் நாக்காக இருக்கவேண்டும்! அதுவரை கல்லறை காலியாகவே இருக்கட்டும் என வாழ்த்தி, எறும்புகள் நீங்கலாக அனைவருக்கும் நன்றி சொல்லி அமர்கிறேன். வணக்கம்!