வெள்ளிக்கிழமைக் கணக்கில் கையெழுத்திடாத ஓவர்சியர் சோலைமலை அவர்களுக்கு

சாலையைச் சங்கிலியால் அளந்தோர் பலர்; அதில் நடந்து சலித்த கால்களின் சங்கடத்தையும் அளந்த சான்றோரே! முப்பத்திரண்டு ஆண்டுகள் வெயிலில் வெந்து, புழுதியில் புழுங்கி, பொய்க்கு மட்டும் பணியாத பெருந்தகையே! ஓவர்சியர் சோலைமலை அய்யா அவர்களே! வணங்குகிறோம்.

நேரந்தவறாமை, நேர்மை, நாவடக்கம் என்று நற்குணங்களை அடுக்கலாம். எல்லாமே தங்களிடம் உண்டு. அவற்றுக்கு இந்த அலுவலகம் கொடுத்த கூலியைச் சொல்லாமல் மாலை போட எங்களுக்குக் கை வரவில்லை.

1958. திண்டுக்கல்லுக்கு டவுன் பஸ் வருகிறது. பேகம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகள் வழியாகவா, வக்கீல்களின் பங்களாச் சாலை வழியாகவா? இரண்டிலும் நடப்போரை எண்ணி எழுதச் சொன்னார்கள். எதையும் வெள்ளிக்கிழமையில் தொடங்குவது நம் அலுவலக வழக்கம், அன்றே எண்ணினோம். தோல் ஷாப் சாலையில் பதினேழு பேர்!

ஷாப் மேஸ்திரி நைனா முகமது கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஜும்மா அன்னைக்கா வந்து எண்ணுனீக? ஷாப்பே லீவு அப்பு! கல்யாணம் முடிஞ்சு பந்தலப் பிரிச்சப்புறம் எலையப் போட்டுட்டு, சாப்பிட ஆளக் காணோம்னா எப்புடி?"

நாங்களும் சிரித்துவிட்டு வந்தோம். தாங்கள் சிரிக்கவில்லை. திங்கள் விடியலில் தனியே போய் நின்றீர்கள். அறுநூற்று நாற்பத்து மூன்று பேர். மூன்று மைல் நடந்து வேலைக்கு வந்த பேச்சாயி, சுண்ணாம்புத் தொட்டியில் புண்ணான காலோடு நின்று கேட்டாள்:

"எங்க தலைய எண்ணி என்னய்யா ஆகப்போகுது?"

"பஸ் விடப் போறாகம்மா."

"நெசமாவா? அப்ப என்னைய ரெண்டாப் போட்டுக்கங்க. வகுத்துல ஒண்ணு இருக்கு."

அந்தத் திங்கள் கணக்கை அதிகாரி தொடவில்லை. "ரெண்டாந்தரம் எண்ணுனா ஆபீசுக்குத்தான்யா அசிங்கம். பேசாமக் கையெழுத்தப் போடு, அடுத்த மாசம் ஹெட் ஓவர்சியர்."

"பூட்டிக் கெடந்த ஷாப்ப எண்ணிட்டு வந்திருக்கோம். அதுல நான் போட மாட்டேங்கய்யா."

நாங்கள் ஒன்பது பேர் போட்டோம். பிள்ளைகுட்டிக்காரர்கள் என்றார்கள் எங்களில் சிலர். வேலைக்குப் புதுசு என்றார்கள் சிலர். பட்டப்படிப்பு படித்தவர்களும் போட்டோம். படிப்பு அங்கே எதற்கு உதவிற்று? கையெழுத்து அழகாக இருந்தது.

தங்களை எரியோட்டுக்குத் தூக்கியடித்தார்கள். ஐந்தாண்டு ஜல்லி எண்ணினீர்கள். ஹெட் ஓவர்சியர் நாற்காலியில் எங்களில் ஒருவர் உட்கார்ந்தார். பங்களாச் சாலையில் பஸ் இன்றும் பாதி காலியாகவே ஓடுகிறது. கார் வைத்திருப்பவர்கள் எதற்கு அதில் ஏறப் போகிறார்கள்? பேச்சாயி இன்றும் நடக்கிறாள். அன்று வயிற்றில் இருந்தது தங்கவில்லை. நடையால்தான் என்று எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை; இல்லை என்று சொல்ல எங்களுக்கு வாயுமில்லை.

போன வாரம் இந்த மடலுக்குச் சம்மதம் கேட்டபோது, "பழசெல்லாம் எதுக்குப்பா?" என்றீர்கள். அய்யா, அது பழசாகவில்லை. விடிந்தால் அந்த அறுநூறு பேரும் நடக்கிறார்கள்.

உண்மையின் உறைவிடமே! ஓய்விலேனும் உடம்புக்குச் சுகமும், காலுக்கு நிழலும், கண்ணுக்கு உறக்கமும் தங்களுக்கு வாய்க்கட்டும். நூறாண்டு நோயின்றி இருங்கள். அந்த நூறாண்டும் எங்களை மன்னிக்காமல் இருங்கள்.

இங்ஙனம்,
வெள்ளிக்கிழமைக் கணக்கில் கையெழுத்திட்ட ஒன்பது பேர்
திண்டுக்கல், 30.6.1964